பிள்ளைக்குத்தான் நல்லாயிடுச்சே, இன்னும் எதுக்கும்மா வசூல்?

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டின் இரவுச் சந்தையில், பிள்ளைகளின் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக நான் உண்டியலோடு நிற்பதைப் பார்த்துப் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். கோபமில்லை. நம்மிடம் வசூல் என்றால் அதற்கு ஒரு முகம் வேண்டும். கட்டிலில் கிடக்கும் பிள்ளையின் படத்தைப் போட்டு, கீழே கணக்கு எண்ணும் போட்டால் விடிவதற்குள் பணம் சேர்ந்துவிடும். கோயில் திருப்பணிக்குக் கேட்கவே வேண்டாம். ஆராய்ச்சி என்றால் மட்டும், "அதெல்லாம் வெள்ளைக்காரன் பார்த்துக்குவான்!"

அவன் மட்டுமா பார்த்தான்? என் மகளுக்கு வந்தது லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய். பிள்ளைகளுக்கு அதிகம் வருவது அதுதான். வாரம் ஒருநாள் அவள் விழுங்கிய மெத்தோட்ரெக்சேட், எல்லப்பிரகடா சுப்பாராவின் குழு அமெரிக்காவில் உருவாக்கிய மருந்து. பீமவரத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்த மனிதர் அவர். ஊசியில் ஏற்றிய வின்கிரிஸ்டினோ நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருவது. தோட்டத்து வீடுகளில் வேலியோரம் பூத்துக் கிடக்குமே, அதேதான்.

ஆனால் அந்த ஊசி நரம்பையும் பிடித்தது. முன்பாதம் தொங்கிப்போய், சிலிப்பர் காலில் நிற்காமல் கழன்று கழன்று விழும். குனிந்து மாட்டிக்கொண்டு நாலடி நடப்பாள், மறுபடி கழன்றுவிடும். ஆராய்ச்சி என்றால் புது மருந்து கண்டுபிடிப்பது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். எவ்வளவு குறைவான மருந்தில் பிள்ளையைக் காப்பாற்றலாம் என்று தேடுவதும் ஆராய்ச்சிதான்.

அதை நம் மருத்துவர்களே செய்திருக்கிறார்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து ‘மா-ஸ்போர் 2003’ என்ற ஆய்வை நடத்தின. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையும் அதில் உண்டு. சிகிச்சை தொடங்கிய பிறகு எலும்பு மஜ்ஜையை எடுத்து, மைக்ரோஸ்கோப்பில்கூடத் தெரியாத அளவுக்கு மிச்சமிருக்கும் நோய் அணுக்களைச் சோதித்தார்கள். அவை வேகமாகக் குறைந்த பிள்ளைகளுக்கு மருந்தையும் குறைத்தார்கள். அப்படியும் அந்தப் பிள்ளைகள் நன்றாகவே தேறினார்கள். இப்படி ஒரு சோதனையை ஒவ்வொரு பிள்ளைக்கும் செய்ய ஆய்வுக்கூடம் வேண்டும், ஆள் வேண்டும், வருடக்கணக்கில் பணம் வேண்டும்.

பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் பிழைக்கிறார்கள். பல ஏழை நாடுகளில் 30 விழுக்காடுகூட இல்லை. நோய் ஒன்றுதான்.

நம்ம பத்து வெள்ளி எந்த மூலைக்கு என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்த, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் நம் ஊர்க்காரர். ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித்தான் தோட்டங்களையே வாங்கினார்கள். இதை நான் சுங்கை சிப்புட்டில் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை.

அதற்காக, நோயாளிப் பிள்ளையின் குடும்பத்துக்குக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. கோலாலம்பூருக்குப் போய்வரும் பஸ் காசும் வேலைக்குப் போகாமல் இழந்த நாள் சம்பளமும் எனக்குத் தெரியும். அதையும் கொடுங்கள், இதையும் கொடுங்கள்.

அப்புறம், டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் யாரையாவது கூப்பிட்டு ஆளுயரக் காசோலை பிடித்துப் படம் எடுக்கலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். வேண்டாம். உண்டியலை எல்லோர் முன்னாலும் திறந்து எண்ணுவோம். பணம் நேரே ஆராய்ச்சிக் கணக்குக்குப் போகும், ரசீதை இங்கேயே போடுகிறேன். வரும் சனிக்கிழமை முறுக்கும் கொண்டுவருகிறேன். சில்லறை இல்லை என்று யாரும் தப்பிக்க முடியாது, கியூஆர் அட்டையும் இருக்கிறது.