நீட்டிக்கப்படலாம்

(கடலூர் மஞ்சக்குப்பம். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. வேலை செய்துகொடுக்கும் சின்ன ஆபீஸ், சாத்துகிற நேரம். அக்கா அங்கே சம்பளக் கணக்கு பார்ப்பவள். தம்பி சிப்காட்டில் ஒரு கெமிக்கல் பிளான்ட்டில் பேனல் ஆபரேட்டர்.)

தம்பி: 40 ஆயிரம்க்கா!

அக்கா: லெட்டரைக் காட்டு.

தம்பி: இப்ப வாங்கறது 26. ஒரே தாவுல 14 ஆயிரம் ஜாஸ்தி.

அக்கா: லெட்டரைக் காட்டு.

தம்பி: சென்னை மணலியில எவ்ளோ பெரிய கம்பெனி தெரியுமா?

அக்கா: லெட்டர்.

தம்பி: (ஃபோனை நீட்டுகிறான்) முதல் பக்கம் பார்த்தா போதும். மீதியெல்லாம் சும்மா ரூல்ஸு.

அக்கா: நீ சொன்ன கம்பெனி பேரே இதுல காணுமே. மேல வேற யாரோ லோகோ போட்டிருக்கான்.

தம்பி: அது ஆள் எடுத்துக் குடுக்கற ஏஜென்சி. வேலை கம்பெனி உள்ளதான்.

அக்கா: பாடலீஸ்வரர் கோயில் வாசல்ல பூ விக்கற அம்மாவும் கோயில்லதான் இருக்கு. உண்டியல்ல பங்கு உண்டா?

தம்பி: பேட்ஜு கம்பெனி பேர்லதான் தருவாங்களாம்.

அக்கா: கையெழுத்து ஏஜென்சிது, சம்பளம் ஏஜென்சிது, பி.எஃப். கட்டறது ஏஜென்சி. பேட்ஜுல மட்டும் கம்பெனி. நாளைக்கு வீட்டு லோனுக்குப் போனா பேங்க்ல சம்பள சிலிப்பைக் கேப்பானா, பேட்ஜைக் கேப்பானா?

தம்பி: நீ எடுத்ததுமே நொட்டை சொல்லாத. சம்பளத்தைப் பாரு. வருஷத்துக்கு 4,80,000.

அக்கா: எத்தனை மாசத்துக்கு ஆர்டர்?

தம்பி: 11.

அக்கா: 11 மாச வேலைக்கு 12 மாசச் சம்பளம் எழுதியிருக்கான். இந்தா, பேனாவைப் புடி. 40,000 எழுது. கம்பெனி கட்டற பி.எஃப். 1,800, கழி. கிராஜுவிட்டி, அதான் வேலையை விட்டுப் போறப்ப தர்ற பணம், அதுக்குன்னு 962, கழி.

தம்பி: அது நம்ம காசுதானேக்கா? அப்புறமா வரும்.

அக்கா: 2025 நவம்பர் 21-ல வந்த புதுச் சட்டத்துல, ஃபிக்ஸட் டெர்ம்னு, இத்தனை காலத்துக்குன்னு சொல்லி வேலைக்கு எடுத்தா ஒரு வருஷம் முடிச்சாலே கிராஜுவிட்டி உண்டு. உனக்கு எத்தனை மாசம்?

தம்பி: 11.

அக்கா: வராத கிராஜுவிட்டிக்கு மாசாமாசம் புடிக்கிறான். இன்சூரன்ஸ் 500, கழி. அதுவும் உனக்கு மட்டும்தான், அம்மா பேரு இல்ல. வேரியபிள் பே 4,000...

தம்பி: அது வந்துரும்க்கா. பெர்ஃபார்மன்ஸ் நல்லா இருந்தா.

அக்கா: எப்ப வரும்?

தம்பி: (ஸ்கிரீனைத் தள்ளிப் படிக்கிறான்) "12 மாதப் பணி நிறைவில்."

அக்கா: உனக்கு எத்தனை மாசம்?

தம்பி: ...

அக்கா: வாயைத் திறந்து சொல்லு.

தம்பி: 11. ஆனா நீட்டிப்பாங்க. அதுலயே எழுதியிருக்கு பாரு. "தேவையின் அடிப்படையில் நீட்டிக்கப்படலாம்."

அக்கா: அந்தக் கடைசி ரெண்டெழுத்தைப் படி.

தம்பி: லாம்.

அக்கா: அந்த "லாம்"ல குந்திக்கிட்டுதான் மணலிக்குப் போகப் போறியா?

தம்பி: எச்.ஆர். மேடம் ஃபோன்ல தெளிவா சொன்னாங்க. பெர்மனென்ட் பண்ணிடலாம் சார்னு.

அக்கா: அங்கயும் லாம். மழை பெய்யலாம்னு ரேடியோவுல சொன்னா குடை எடுக்கத் தெரியுது. பெர்மனென்ட் பண்ணலாம்னு சொன்னா மட்டும் இருக்கற குடையைத் தூக்கிப் போட்டுடறீங்க. அங்க என்னா வேலை உனக்கு?

தம்பி: புது பிளான்ட்டு. கமிஷனிங் டீம்.

அக்கா: ஓட்டிக் காமிச்சப்புறம்?

தம்பி: ரெகுலர் ஆளுங்ககிட்ட ஒப்படைப்போம்.

அக்கா: அந்த ரெகுலர் ஆளு யாரு?

தம்பி: இப்பவே எடுத்து டிரெயினிங் குடுத்துக்கிட்டிருக்காங்க.

அக்கா: பந்தல் போட வந்தவரைத் தாலி கட்டினப்புறமும் வீட்டோட வெச்சுக்குவாங்களாடா?

தம்பி: (எட்டி ஃபேனை வேகமாக வைக்கிறான்) கணக்கை முடி முதல்ல.

அக்கா: மொத்தம் 7,262 போச்சு. மீதி 32,738. அதுல உன் பங்கு பி.எஃப். 1,800 போனா கைக்கு 30,938. ரூமு?

தம்பி: நாலு பேர் ஷேரிங்ல 5,000. மெஸ்ஸுக்கு 5,000 ஆகும்.

அக்கா: வாராவாரம் அம்மா கைச் சோறு திங்க வந்துருவ. போக வர பஸ்ஸு, நாலு வாரத்துக்கு 1,800 போடு. கூட்டிக் கழிச்சா 19,138. இப்ப கைக்கு எவ்ளோ வருது?

தம்பி: பி.எஃப். போக 24,200. கம்பெனி பஸ்ஸு ஓல்டு டவுன் வரைக்கும் வந்துடும். கேன்டீன் உண்டு.

அக்கா: மாசம் 5,062 ரூபா கைக்காசு குடுத்து மணலியைச் சுத்திப் பார்க்கப் போற. இதுக்கு சில்வர் பீச்சுக்குப் போனா சுண்டலோட முடிஞ்சிருக்கும்.

தம்பி: காசு மட்டுமா? லீவும் ஜாஸ்தி. 11 மாசம் முடிஞ்சதும் 3 நாள் பிரேக் தர்றான். இங்க எவன் தர்றான்?

அக்கா: பிரேக்கா?

தம்பி: ஆமா. "இடைவெளிக்குப் பின் புதிய ஆணை." வேளாங்கண்ணி போயிட்டு வரலாம்னு இருக்கேன்.

அக்கா: போ. மொட்டையும் போட்டுக்கிட்டு வா. அது லீவு இல்லடா, சர்வீஸ் பிரேக். 1981-லயே தமிழ்நாட்டுல சட்டம் இருக்கு. ஒரே நிறுவனத்துல 24 மாசத்துக்குள்ள 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியைப் பெர்மனென்ட் பண்ணணும். அந்த 480 வந்துடக் கூடாதுன்னுதான் நடுவுல கத்தரி போடறான். அடுத்த ஆர்டர் வேற ஏஜென்சி பேர்ல வரும், டோக்கன் நம்பர் மாறும், நீ திரும்ப ஒண்ணுலேர்ந்து எண்ணணும். ஒரே கேட், ஒரே மெஷின், ஒரே ஆளு, தலை நரைச்சிருக்கும். ரெஜிஸ்டர்ல பார்த்தா "சேர்ந்து 4 மாசம்". இப்படி எத்தனை பேருக்கு இந்தக் கையால என்ட்ரி போட்டிருக்கேன் தெரியுமா?

(கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்.)

தம்பி: அப்ப டெம்பரரி வேலைக்கே யாரும் போகக் கூடாதா?

அக்கா: யாரு சொன்னா? கம்பெனியே நேரா ஆர்டர் குடுக்கட்டும். ஃபிக்ஸட் டெர்ம்னு எழுதட்டும், 2 வருஷம்னு போடட்டும், கைக்கு இப்ப வாங்கறதுல ஒண்ணரை மடங்கு வரட்டும். நானே உன் பெட்டியைத் தூக்கிக்கிட்டு திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்கு வரேன். கமிஷனிங் பார்த்தவன்னா வெளியில மதிப்புதான். அந்த மதிப்புக்கு இவன் என்னா தர்றான்னுதான் கேக்கறேன். சரி, எப்ப ஜாயின் பண்ணணும்?

தம்பி: 15 நாள்ல. இங்க 60 நாள் நோட்டீஸு. மீதி 45 நாளுக்குக் காசு கட்டிட்டு வந்துடுங்கன்னு சொன்னாங்க.

அக்கா: யாரு காசு?

தம்பி: என்...

அக்கா: 39,000. உனக்கு இங்க சர்வீஸ் எத்தனை?

தம்பி: 4 வருஷம் 8 மாசம்.

அக்கா: (தலையில் அடித்துக்கொள்கிறாள்) பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 18,200. மாசத்துக்கு 26 நாள்னு வகு, 700. வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், பெருக்கு, 10,500. 5 வருஷத்துக்கு 52,500 கிராஜுவிட்டி.

தம்பி: 5 வருஷம் முடிச்சாத்தானே தருவாங்க? இன்னும் முடியலையே.

அக்கா: 4 வருஷம் முடிச்சு, அஞ்சாவது வருஷத்துல 240 நாள் வேலை பார்த்திருந்தா போதும்னு சென்னை ஹைகோர்ட் தீர்ப்பே இருக்கு. தானா தர மாட்டான், எழுதிக் குடுத்துக் கேட்டு வாங்கணும். 60 நாள் நோட்டீஸை ஒழுங்கா ஓட்டினா 4 வருஷம் 10 மாசம், 240 தாண்டிடும். 15 நாள்ல குதிச்சா, வார லீவைக் கழிச்சு எண்ணினான்னா தாண்டாது. 39-ம் போச்சு, 52,500-ம் போச்சு. 91,500 ரூபாயை சிப்காட் கேட்லயே வெச்சுட்டுப் போற.

தம்பி: பி.எஃப். பணம் இருக்கில்ல, அதை எடுத்து...

அக்கா: தொட்டேன்னா கையை முறிச்சுடுவேன். பழைய யு.ஏ.என்., அதான் உன் பி.எஃப். நம்பரு, அதையே குடுத்து மாத்திக்கணும். பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துட்டா பென்ஷனுக்கு வேண்டிய 10 வருஷத்தை முதல்லேர்ந்து எண்ணணும். மறந்துட்டேனே, ஒரிஜினல் சர்டிஃபிகேட் கேட்டானா?

தம்பி: வெரிஃபிகேஷனுக்கு ஒரு மாசம் வெச்சுக்கலாம்னு...

அக்கா: லாம்!

தம்பி: குடுக்கலைக்கா. ஜெராக்ஸ்தான் குடுத்தேன்.

அக்கா: அப்பா. அம்மாகிட்ட என்னான்னு சொல்லி வெச்சிருக்க?

தம்பி: பெர்மனென்ட்னு.

அக்கா: இங்க ரிசைன் பண்ணிட்டியா?

தம்பி: இன்னும் இல்ல. வாட்ஸாப்ல ஸ்டேட்டஸ் மட்டும் வெச்சேன். "புதிய பயணம்"னு, ரெண்டு ராக்கெட்டோட.

அக்கா: எத்தனை பேர் பார்த்தாங்க?

தம்பி: 84. முதல் ஆளு எங்க ஷிஃப்ட் இன்சார்ஜு. ஹார்ட் போட்டிருக்காரு.

அக்கா: அவரு எதுக்கு ஹார்ட் போடறாரு?

தம்பி: எனக்காக சந்தோஷப்பட்டிருக்கலாம்.

அக்கா: அவரு மச்சான் பையன் ஐ.டி.ஐ. முடிச்சுட்டு ஒரு வருஷமா வீட்ல குந்தியிருக்கான்னு போன மாசம் நீதானே சொன்ன?

தம்பி: (ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு) அக்கா, இந்த ஸ்டேட்டஸை எப்படி அழிக்கறது?