மெடூசாவின் சோகம் இன்றைய சரக்கா?

‘பெர்சி ஜாக்சன் தொடர் மெடூசாவை வேண்டுமென்றே பரிதாபத்துக்குரியவளாக்கிவிட்டது, கிரேக்கப் புராணத்தில் அவள் வெறும் அரக்கிதான்’ என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. இது தவறு.

இந்தத் தொலைக்காட்சித் தொடரில், 2023 டிசம்பரில் டிஸ்னி பிளஸ்ஸில் வந்த மூன்றாம் பகுதியில், கடல் தெய்வம் பொசைடனால் நேர்ந்ததற்கு ஞான தேவி அதீனா தன்னைத் தண்டித்ததாக மெடூசா சொல்கிறாள். இந்தக் கதைக்கு வயது 2,000. ரோமக் கவிஞர் ஓவிட், கி.பி. 8 வாக்கில் முடித்த காவியத்தில், கடல் தெய்வம் அவளை அதீனாவின் கோயிலுக்குள்ளேயே பலவந்தப்படுத்துகிறது. தேவி முகத்தைத் திருப்பி, கேடயத்தால் கண்களை மறைத்துக்கொள்கிறாள். அப்புறம் தண்டனை யாருக்கு? மெடூசாவுக்கு! எல்லாரும் வியந்த அவள் கூந்தல் பாம்புகளாகிறது. படிக்கும்போது இன்றும் நெஞ்சு கனக்கும் இடம் இது.

சரி, அதற்கும் முன்பு? பல நூற்றாண்டு மூத்த கிரேக்கக் கவிஞரான ஹெசியோட் சொல்லும் கதையில் சாபம் கிடையாது. பிறப்பிலேயே அவள் கார்கன் என்ற அரக்கிச் சகோதரிகள் மூவரில் ஒருத்தி. ஆனால் மூவரில் சாவு உள்ளவள் அவள் மட்டுமே. ‘துயரப்பட்டவள்’ என்றே அவரும் அவளைக் குறிப்பிடுகிறார். கி.மு. 490-இல் இன்னொரு கிரேக்கக் கவிஞர் பிண்டார் அவளைப் பாடியது ‘அழகிய கன்னத்தாள்’ என்று.

தொடர் கூட்டியது வேறு: அவளை அதீனாவின் பக்தையாக்கியது. அது ஓவிடில் இல்லை.