ஒரே தொடலில் வந்துவிடும்

(மெக்சிகோ நகரத்தின் தெற்குப் பக்கம், பல்கலைக்கழக வளாகத்துக்குக் கிட்டத்தில் ஒரு சின்னப் பல் மருத்துவமனை. சுவரில் டாக்டரம்மாவின் பட்டச் சான்றிதழ் ஒன்று, பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணியான பூமாஸின் சட்டை ஒன்று. சட்டைக்குத்தான் பெரிய சட்டம் போட்டிருக்கிறது. நாற்காலியில் ஒரு டாக்சிக்காரர், இடது கன்னத்தைப் பிடித்தபடி.)

டாக்டர்: எத்தனை நாளாக வலிக்கிறது?

டாக்சிக்காரர்: நாலு நாள். கிராம்பு வைத்துப் பார்த்தேன். டெக்கீலாவில் வாய் கொப்பளித்தேன்.

டாக்டர்: கொப்பளித்துத் துப்பினீர்களா?

டாக்சிக்காரர்: எதையும் வீணாக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்தார்கள், டாக்டர்.

டாக்டர்: திறவுங்கள். இன்னும் கொஞ்சம். அடடா, கீழ்க் கடைவாயில் குகையே இருக்கிறது. கஹேதா சாப்பிட்டீர்களா?

டாக்சிக்காரர்: எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? செலாயாவுக்கு ஒரு சவாரி போனேன். அந்த ஊருக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினால் வீட்டுக்குள் விடமாட்டார்கள். ஆட்டுப்பாலும் சர்க்கரையும் போட்டு மணிக்கணக்கில் காய்ச்சி...

டாக்டர்: செய்முறை எனக்குத் தெரியும். என் வருமானத்தில் பாதி அதிலிருந்துதான் வருகிறது. செலாயாதான் நம் கால்பந்து வீரர் ஊகோ சான்செஸ் கடைசியாக ஆடிய ஊர், தெரியுமா? 1997இல் அங்கேதான் ஓய்வு பெற்றார். ஒரு பல் டாக்டர் ஓய்வு பெறுவதற்கு அதைவிடப் பொருத்தமான ஊர் உண்டா?

டாக்சிக்காரர்: எந்தப் பல் டாக்டர்?

டாக்டர்: ஊகோதான்! உனாம் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவர். இந்தப் பக்கம் பூமாஸுக்குக் கோல், அந்தப் பக்கம் பரீட்சை. நானும் அதே கல்லூரி.

டாக்சிக்காரர்: அவர் எத்தனை பல் பிடுங்கியிருப்பார்?

டாக்டர்: ஸ்பெயின் லீகில் மட்டும் 234 கோல். அதற்கு நடுவில் பல்லுக்கு யார் கணக்கு வைத்தார்கள்? சரி, ஊசி போடுகிறேன். எறும்பு கடித்த மாதிரி இருக்கும்.

டாக்சிக்காரர்: ஆஆஆ! எந்த ஊர் எறும்பு இது?

டாக்டர்: முடிந்தது. மரத்துப்போக ஐந்து நிமிடம் ஆகும். நீங்கள் எந்த அணி?

டாக்சிக்காரர்: கிளப் அமெரிக்கா. இதே ஊரில் உங்களுக்குப் போட்டி அணி.

(டாக்டர் ஊசியைத் திரும்பிப் பார்க்கிறார்.)

டாக்சிக்காரர்: டாக்டர், மருந்து போதுமான அளவு போட்டீர்கள்தானே?

டாக்டர்: தொழிலில் நான் பாரபட்சம் பார்ப்பதில்லை. ஊகோவே 1992இல் ரியல் மாட்ரிட்டை விட்டதும் உங்கள் அணிக்குத்தானே வந்தார். பூமாஸ்காரர்கள் நாங்கள் அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை. பெரிய குடும்பம் என்றால் எல்லாம்தான் நடக்கும்.

டாக்சிக்காரர்: அவர் பெரிய ஆள்தான். இல்லை என்று நான் சொல்லவில்லை.

டாக்டர்: பெரிய ஆளா? ஐந்து தடவை ஸ்பெயினில் அதிக கோல் போட்டவர்! முதல் தடவை அட்லெடிகோ மாட்ரிட்டில், 1985இல். அடுத்த நாலும் எதிர்வீட்டு ரியல் மாட்ரிட்டில். 1989-90 சீசனில் 38 கோல். அத்தனையும் முதல் தொடலில்! பந்தை வாங்கி, நிறுத்தி, இடம் பார்த்து அடிப்பது எல்லாம் கிடையாது. வந்தது, பட்டது, உள்ளே. அதனால்தான் நானும் நோயாளிகளிடம் சொல்வேன், பயப்படாதீர்கள், ஒரே தொடலில் வந்துவிடும்.

டாக்சிக்காரர்: நம் ஊர் சிக்னலில் நான் அப்படி வண்டியை எடுத்தால் போலீஸ்காரரும் முதல் தொடலிலேயே பிடித்துவிடுவார்.

டாக்டர்: லோக்ரோனியேஸ் அணிக்கு எதிராக 1988இல் ஒன்று போட்டார் பாருங்கள். மார்ட்டின் வாஸ்கேஸ் இடது பக்கத்திலிருந்து தூக்கிக் கொடுக்கிறார். ஊகோ கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே அந்தரத்தில் படுக்கிறார்! கால் மேலே, தலை கீழே... (நாற்காலியின் மிதியை அழுத்துகிறார். டாக்சிக்காரரின் தலை கீழே போய்க் கால் மேலே வருகிறது.) இதோ, இந்த மாதிரி!

டாக்சிக்காரர்: டாக்டர்! சில்லறை விழுகிறது!

டாக்டர்: பந்து மேல் மூலையில் போய்ச் சொருகிக்கொண்டது. அப்புறம் வழக்கம்போல ஒரு குட்டிக்கரணம். அது வீட்டு வித்தை. உடன்பிறந்த எர்லிண்டா 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. அதே ஒலிம்பிக்கில் இவர் கால்பந்து அணியில்.

டாக்சிக்காரர்: (நேராக வந்து, நாக்கு தடுமாறியபடி) எல்லாம் ழரி டாக்டர். ஒரு கேள்வி. ழ்பெயினுக்கு 234. உலகக் கோப்பையில் நமக்கு எத்தனை?

(மௌனம். மேசை மேல் இருந்த இடுக்கியை எடுத்த டாக்டர் அதைத் திரும்பக் கீழே வைக்கிறார்.)

டாக்டர்: ஒன்று.

டாக்சிக்காரர்: ஒன்று!

டாக்டர்: பெல்ஜியத்துக்கு எதிராக, 1986, அஸ்டெகா மைதானத்தில். அதுவும் ஒரு நல்ல கோல்.

டாக்சிக்காரர்: அடுத்த ஆட்டம் பராகுவேயுடன். பெனால்டி கிடைத்தது. என் அப்பா டிவிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். கோல்கீப்பர் பிடுங்கிவிட்டார். அப்பா எழுந்திருக்கவே இல்லை.

டாக்டர்: ஐயோ, அந்த அதிர்ச்சியிலா...

டாக்சிக்காரர்: இல்லை, முட்டி பிடித்துக்கொண்டது.

டாக்டர்: அவரை மட்டும் குறை சொல்லாதீர்கள். 1978இல் அவருக்கு இன்னும் இருபது வயது நிரம்பவில்லை. நாம் மூன்று ஆட்டத்திலும் தோற்றோம். 1982இல் நாம் தகுதியே பெறவில்லை. 1990? முப்பத்தெட்டு கோல் போட்டுவிட்டு, உலகமே பார்க்கட்டும் என்று மனிதர் தயாராக நிற்கிறார். இங்கே என்ன செய்தார்கள்? இளைஞர் அணியில் வயது கூடிய நாலு பேரைச் சேர்த்து ஆடவிட்டு மாட்டிக்கொண்டார்கள். மொத்த நாட்டுக்கும் தடை!

டாக்சிக்காரர்: பிறந்த தேதியைக் குறைத்துச் சொல்வது என் மாமியார் செய்வது. அவருக்கு ஒருத்தரும் தடை போடவில்லை.

டாக்டர்: அந்த வருஷம் ஐரோப்பாவில் அதிக கோல் போட்டவருக்கான தங்கக் காலணி ஊகோவுக்குக் கிடைத்தது. அதையும் பங்கு போட வேண்டியிருந்தது. பல்கேரியாவில் இன்னொருவர் சரியாக 38 போட்டிருந்தார். ஸ்டொய்ச்கோவ்.

டாக்சிக்காரர்: (நிமிர்ந்து உட்கார்ந்து) அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள்!

டாக்டர்: சொல்லத்தான் வேண்டும். 1994 உலகக் கோப்பை, பல்கேரியாவுடன் ஆட்டம், ஜூலை 5...

டாக்சிக்காரர்: நியூ ஜெர்சி! ஆறாவது நிமிடம் அதே ஸ்டொய்ச்கோவ் கோல் போட்டான். கார்சியா ஆஸ்பே பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. வெயிலில் நம் ஆட்கள் உருகுகிறார்கள். கூடுதல் நேரமும் போகிறது. பெஞ்சில் யார்?

டாக்டர்: ஊகோ.

டாக்சிக்காரர்: முப்பத்தைந்து வயது. இருந்தால் என்ன? அவருக்கு வேண்டியது ஒரு தொடல்! நார்வே ஆட்டத்தில் கொஞ்ச நேரம் ஆடவிட்டார்கள், அதோடு சரி. பயிற்சியாளர் மெஹியா பரோன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். 120 நிமிடம்! ஒருவரையும் மாற்றவில்லை! நடுவில் நம் பெர்னால் வலைக்குள் போய் விழுந்து கோல் கம்பமே உடைந்தது. புதுசு கொண்டுவந்து நட்டார்கள். கம்பத்தை மாற்றினார்கள் டாக்டர்! ஆளை மாற்றவில்லை!

டாக்டர்: கத்தாதீர்கள், வெளியே ஒரு குழந்தை காத்திருக்கிறது. வந்தவுடனே பயந்துவிடும்.

டாக்சிக்காரர்: பெனால்டியில் முதல் மூன்றையும் விட்டோம். முடிந்தது கதை. டாக்டர், நீங்களும் அதையே செய்கிறீர்கள். கால் மணி நேரமாக இடுக்கியை எடுக்கிறீர்கள், வைக்கிறீர்கள். பெஞ்சில் உட்கார்ந்திருப்பது இடுக்கி, மைதானத்தில் உருகுவது நான். இறக்குங்கள்!

(டாக்டர் கையுறையைச் சரி செய்துகொள்கிறார். குரலைத் தாழ்த்துகிறார்.)

டாக்டர்: ஒன்று சொன்னால் கோபப்படக் கூடாது. மெஹியா பரோனும் எங்கள் ஆள்தான்.

டாக்சிக்காரர்: தெரியும். பூமாஸில் ஆடியவர். 1991இல் உங்களுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர்.

டாக்டர்: அதைச் சொல்லவில்லை. அவரும் பல் டாக்டர்.

(டாக்சிக்காரர் மரத்துப்போன வாயோடு டாக்டரைப் பார்க்கிறார். சுவரில் இருக்கும் சான்றிதழைப் பார்க்கிறார். மறுபடி டாக்டரைப் பார்க்கிறார்.)

டாக்சிக்காரர்: கோட்டருகே ஒரு பல் டாக்டர். பெஞ்சில் ஒரு பல் டாக்டர். இத்தனை பேர் இருந்தும் அந்த ஒரு கோலைப் பிடுங்க முடியவில்லையா?

டாக்டர்: முடியவில்லை.

டாக்சிக்காரர்: டாக்டர், மனதைத் தொட்டுச் சொல்லுங்கள். நீங்கள் ஊகோ வகையா, மெஹியா பரோன் வகையா?

டாக்டர்: திறவுங்கள் வாயை!

(இழுக்கிறார். வரவில்லை.)

டாக்சிக்காரர்: ஊ... ஊ...

டாக்டர்: ஊகோ! பார்த்தீர்களா, வாய் மரத்துப்போனாலும் சொல்ல வரும் ஒரே பெயர். அசையாதீர்கள்.

(இரண்டாவது இழுப்பு. வரவில்லை.)

டாக்டர்: 2008இல் ஹைத்தி ஆட்டம் நினைவிருக்கிறதா? அப்போது தேசிய அணிக்கு ஊகோதான் பயிற்சியாளர். ஒலிம்பிக் தகுதிக்கு ஐந்து கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். திறந்து கிடந்த கோலைக்கூட நம் பையன்கள் விட்டார்கள். 5-1. ஒரே ஒரு கோல் குறைந்தது! முப்பத்தெட்டையும் ஒரே தொடலில் போட்ட மனிதர் ஓரத்தில் நின்று அதைப் பார்க்கிறார். அத்தோடு வேலையும் போயிற்று.

(மூன்றாவது இழுப்பு. டாக்சிக்காரரின் கால் ஒரு முறை அந்தரத்தில் எழுந்து அடங்குகிறது. தட்டில் டக் என்று ஒரு சத்தம்.)

டாக்டர்: கோல்! கொப்பளியுங்கள். இந்தத் தடவை துப்ப வேண்டும்.

டாக்சிக்காரர்: (துப்பிவிட்டு) மூணு தொடல். நான் எண்ணினேன்.

டாக்டர்: முதல் இரண்டும் கிராஸ்.

டாக்சிக்காரர்: கரணம் போடப்போவதில்லையா?

டாக்டர்: இந்த அறையிலா? மேலே விளக்கு, கீழே சக்கரம் வைத்த நாற்காலி. அப்புறம் எனக்கு வேறு டாக்டர் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் இருங்கள், பக்கத்துப் பல்லைத் தட்டிப் பார்க்கிறேன்... வலிக்கிறதா?

டாக்சிக்காரர்: இல்லை. இல்லவே இல்லை. ஏன்?

டாக்டர்: 2004இல் ஊகோ பயிற்சியாளராக இருந்தபோது பூமாஸ் என்ன செய்தது, ஞாபகம் இருக்கிறதா?

டாக்சிக்காரர்: ஒரே வருஷத்தில் அடுத்தடுத்து இரண்டு பட்டம். அதற்கும் என் பல்லுக்கும் என்ன...

(டாக்டர் இடுக்கியைத் துடைக்கிறார். டாக்சிக்காரர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்கிறார்.)