"அனிச்சா" என்று ஒரு கமெண்ட்

எங்கள் விபஸ்ஸனா தியான மையத்தில் சமைத்துப்போட்ட அக்காவைப் பற்றி முந்தாநாள் நான் போட்ட அஞ்சலிக்குக் கீழே வந்த அந்தக் கமெண்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "அனிச்சா. சேவை பெயருக்காகச் செய்வதல்ல. தனிநபர் துதி தம்மத்துக்கு விரோதம்." கூடவே ஒரு கும்பிடு. அதற்கு 41 லைக் வேறு. (அனிச்சா என்றால் எதுவும் நிலையில்லை என்பது; தம்மம் என்றால் புத்தர் போதனை.)

இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். சமநிலை எல்லாம் பழகியவள்தானே. முடியவில்லை.

அக்கா பெயருக்காகச் செய்தார் என்று நான் எங்கே சொன்னேன்? அவர் பெயர் தேடாதது அவருடைய குணம். அதைக் காரணம் காட்டி நாம் அவரை மறப்பது நம்முடைய குணம். இரண்டும் ஒன்றா?

பத்து நாள் தங்கித் தியானம் பழகும் விபஸ்ஸனா முகாமுக்குப் போனவர்களுக்குத் தெரியும். காலை 4 மணிக்கு மணி அடிக்கும், நாம் புரண்டு படுப்போம். அடிப்பவர் அதற்கு முன்பே எழுந்திருக்க வேண்டும். ஆறரைக்குக் காலை உணவு. 8 முதல் 9 வரை கூட்டுத் தியானத்தில் சேவகர்களும் உட்கார வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டுப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, திரும்பி வந்து 11 மணிக்குள் நூறு பேருக்குச் சாதம், குழம்பு, பொரியல். சம்பளம் கிடையாது. அக்கா இதை 19 வருஷம் செய்தார். கடைசி நாலைந்து வருஷம் முழங்கால் தேய்ந்துபோய், ஸ்டூலில் உட்கார்ந்து காய் நறுக்கினார்.

என் முதல் முகாமின் ஆறாம் நாள் நான் பையைக் கட்டிவிட்டேன். அப்பா போய் நாலு மாதம். கண்ணை மூடினால் ஆஸ்பத்திரி வாசனை. எல்லோரும் சாப்பிடும் நேரம் பார்த்து நழுவலாம் என்று போனால், பின்கட்டில் அக்கா அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். பையைப் பார்த்தார். "சாப்ட்டியாம்மா?" என்றார். ரசம் சாதம் கொண்டுவந்து வைத்தார். "பன்னிரண்டு மணிக்கு டீச்சரைப் பார்க்கலாம். பார்த்துட்டுப் போ. இந்தப் பக்கம் வெயில் படாது, உட்காரு." அவ்வளவுதான், மறுபடி அண்டாவிடம் போய்விட்டார். நான் இன்றுவரை தியானத்தில் உட்கார்வதற்கு டீச்சர் சொன்னதைவிட அந்த ரசம் சாதம்தான் காரணம். (இதுவும் தம்ம விரோதமோ என்னவோ.)

மையத்தில் யார் படமும் மாட்டுவதில்லையே என்பீர்கள். நல்ல விதி, மாற்ற வேண்டாம். நான் படமோ சிலையோ கேட்கவில்லை. என் பக்கத்தில் நாலு பத்தி எழுதினேன்.

பற்று கூடாது என்பீர்கள். தன் தலைமைச் சீடர்களான சாரிபுத்தரும் மொக்கல்லானரும் போன பிறகு, கங்கைக் கரையில் உக்காசேலாவில், இந்தச் சபை எனக்கு வெறிச்சென்று தெரிகிறது என்று சொன்னவர் யார்? அனிச்சாவை நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்தான். அதே இடத்தில் அவருக்குத் துயரம் இல்லை என்றும் வருகிறதே என்று ஒருவர் ஓடி வருவார். வரட்டும். அவர் புத்தர். எனக்கு அழுகை வருகிறது.

அக்கா ஒருவர்தான் சேவை செய்தாரா? இல்லை. மற்றவர்களைப் பற்றி நீங்கள் எழுதுங்கள், முதல் லைக் என்னுடையது.

ஒன்று கேட்கிறேன். 2013-இல் நம் விபஸ்ஸனா ஆசான் கோயங்கா காலமானபோது நாம் எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதினோமே, கமெண்ட் போட்ட இதே நண்பர் உட்பட? அப்போது 'தனிநபர் துதி' எங்கே போயிருந்தது? எழுத வேண்டியவர்தான், நான் மறுக்கவில்லை. 1969-இல் பம்பாய் தர்மசாலை ஒன்றில் அவர் நடத்திய முதல் முகாமில் உட்கார்ந்தவர்கள் 14 பேர். அந்த 14 பேருக்கும் யாரோ சோறு வடித்திருப்பார்கள். யார்? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைத்தான் சொல்கிறேன். மேடையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் நினைவு, அடுப்படியில் நின்றால் அனிச்சா.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அக்காவை எடுக்கும்போது மையத்திலிருந்து போனது ஐந்து பேர். அவர் மருமகள் என்னிடம் கேட்டார், "அத்தை அங்க வந்து என்னதான் செய்வாங்க?" சமைப்பாங்க என்றேன். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. அந்த அஞ்சலியை எழுதியதே அவருக்காகத்தான்.

எழுதியதும் லிங்க்கை அனுப்பிவிட்டேன். கமெண்ட் வரைக்கும் படித்திருப்பார்.