சோத்தை விட்டேன், தொடுகறியையும் சேர்த்து விட்டேன்

காலங்காத்தால கக்கூஸ் பேச்சா என்று முகம் சுளிப்பவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடலாம். நான் இளைத்த போட்டோவைப் போட்டதிலிருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்வி. "அண்ணே, வெளியில கேக்க முடியல, உங்களுக்கும் அந்தப் பிரச்சினை இருந்துதா?" இருந்தது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக எழுதி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். அதற்குப் பெயர் மலச்சிக்கல். பெயரைச் சொன்னால் ஒட்டிக்கொள்ளாது.

எனக்கு 46 வயசு. குமரி மாவட்டத்துத் தக்கலையில் கடை. பகல் முழுக்க கல்லாவில் உட்கார்ந்தே இருக்கிற உடம்பு. போன வருஷம் மூணு மாத சர்க்கரை சராசரி 8.6 என்று வந்தது. டாக்டர் "மாவுச்சத்தைக் குறைங்க" என்றார். குறைக்கச் சொன்னதை நான் ஒழிக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். சோறு, தோசை, புட்டு, மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு, ஏத்தம்பழம், சாயாவில் சீனி, எல்லாம் ஒரே நாளில் நிறுத்தம். மாவைத் தள்ளிக் கொழுப்பைக் கூட்டுகிற பேலியோ டயட்காரர்கள் சொல்கிற மாதிரி காலையில் நூறு பாதாம். மத்தியானம் நாலு முட்டை ஆம்லெட் இல்லாவிட்டால் கோழி. ராத்திரி குளச்சல் சாளையோ அயிலையோ பொரித்தது, கூடவே ஒரு கட்டி பனீர். முதல் வாரத்தில் மூணு கிலோ இறங்கிவிட்டது. கடைக்கு வந்தவர்கள் எல்லாம் "அண்ணாச்சி ஆளே மாறிட்டீங்களே" என்றார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

நாலாம் நாள் வரைக்கும் கவனிக்கவில்லை. ஆறாம் நாள் வயிறு மத்தளம். ஏழாம் நாள் காலை முக்கால் மணி நேரம் உள்ளே உட்கார்ந்து, நெற்றி வேர்த்து, கண்ணில் தண்ணீர் வந்து, கடைசியில் கிடைத்தது நாலு ஆட்டுப்புழுக்கை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் மலத்தை ஏழு வகையாகப் பிரித்து 1997-இல் ஒரு அட்டவணை வெளியிட்டிருக்கிறார்கள். அதில் முதல் வகை இதுதான். மூணாவதும் நாலாவதும்தான் நல்ல வகை. எனக்கு அவை ரெண்டும் எட்டாக்கனி.

சொந்தத்தில் விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்கு வைத்தியம். டயட்டில் எனக்கு மூத்த ஒருத்தர், "கொழுப்பைக் கூட்டுங்க, வழுக்கிட்டுப் போயிரும்" என்றார். ரெண்டு கரண்டி நெய்யைக் கூடுதலாக விட்டேன். குமட்டல்தான் மிச்சம். இன்னொருத்தர், "சாப்பிட்டது எல்லாம் உடம்புல சேர்ந்துருது, கழிவே இல்ல, அதனால போக வேண்டியதும் இல்ல" என்றார். இதில் பாதி உண்மை உண்டு. சக்கை குறைவான சாப்பாட்டில் மலமும் குறையும். ஒரு நாளைக்கு மூணு தடவை போகிறவரும் வாரத்துக்கு மூணு தடவை போகிறவரும், சிரமம் இல்லாமல் போகிறவரை, சுகமான ஆட்கள்தான். ஆனால் முக்கி முனகி ரத்தக்கொதிப்பு ஏறுகிற ஒருத்தனிடம் "கழிவே இல்லை" என்று சொல்வது ஆறுதலா, கிண்டலா? எதிர்க்கட்சியோ "அரிசியத் தின்னாத்தாம்ல மனுசன்" என்று ஒரே போடாகப் போட்டது. சித்தப்பா ஒருத்தர் ஒரு குலை மட்டிப்பழத்தோடு வந்துவிட்டார். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர்ப் பழம், மணத்துக்கே சொத்தை எழுதி வைக்கலாம். ஆனால் வாழைப்பழம் 100 கிராமில் நார் ரெண்டரை கிராம் பக்கம்தான், மாவும் சர்க்கரையுமாக இருபது கிராமுக்கு மேல். விரலளவு மட்டி ரெண்டு தின்றால் மனசுக்குத்தான் ஆறுதல்.

விஷயத்தைப் பிடித்தது எங்க அம்மை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. அடுக்களையில் நின்று நான் ஆம்லெட் தின்பதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "லே மக்கா, டாக்டரு சோத்தைத்தானே விடச் சொன்னாரு. தொடுகறிய ஏம்ல விட்டே?"

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. இலையில் சோற்றுக்குப் பக்கத்தில் வைக்கிற அவியல், துவரன் என்கிற பொரியல், தயிர்க் கிச்சடி, பச்சடி எல்லாவற்றுக்கும் நாஞ்சில் நாட்டில் தொடுகறி என்று பெயர். தொட்டுக்கொள்ள ஒரு கறி. அரசன் சோறு, இதெல்லாம் பரிவாரம். சோற்றைத் தள்ளியதும் தொட்டுக்கொள்ள வேலை இல்லை, வீட்டில் அதைச் செய்யவும் மனசு வரவில்லை. வெறும் துவரனை யார் கிண்ணத்தில் போட்டுத் தின்பார்கள்? அரசன் போனதும் பரிவாரமும் கலைந்துவிட்டது. எனக்கு அதுவரை நார்ச்சத்து கிடைத்துக்கொண்டிருந்ததே அந்தப் பரிவாரத்திலிருந்துதான்.

கணக்குப் பார்த்தால் இது விளங்கும். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் நார் அரை கிராம்கூடத் தேறாது. ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது 25, 30 கிராம். 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் பரப்பிய மரச்சீனி பல வீடுகளில் பசியாற்றியது, அதிலும் நார் ரெண்டு கிராமுக்குள்தான். ஆக, சோறும் கிழங்கும் போனதால் என் நார் போகவில்லை. இறைச்சி, முட்டை, மீன், பனீர் நாலிலும் நார் பூஜ்யம். நான் அந்த நாலையும் வைத்தே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன்.

சோறு வேறொன்றைத் தந்துகொண்டிருந்தது. தண்ணீர். வெந்த சோற்றில் மூணில் ரெண்டு பங்கு தண்ணீர்தான். அரைக் கிலோ சோறு தின்கிறவன் முந்நூறு மில்லிக்கு மேல் தண்ணீரைத் தெரியாமலே தின்கிறான். கஞ்சி என்றால் கேட்கவே வேண்டாம், உப்பும் சேர்ந்து வரும். இதையெல்லாம் எடுத்துவிட்டு நூறு பாதாமை வைத்தேன். பாதாமில் ஈரம் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. நூறு பாதாமில் 15 கிராம் அளவு நார் உண்டு, பொய் சொல்லக் கூடாது. ஆனால் தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நார் உள்ளே போனால் சிமெண்டில் கம்பி கட்டினது போலத்தான்.

முதல் வாரம் இறங்கிய மூணு கிலோவின் ரகசியமும் இதே தண்ணீர்தான். ஈரலிலும் தசையிலும் உடம்பு சேர்த்து வைக்கிற மாவுச்சத்துக்குக் கிளைகோஜன் என்று பெயர். ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூணு கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். மாவை நிறுத்தினால் கிளைகோஜன் கரைந்து தண்ணீரும் போகும். இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகமும் உப்பைக் கூடுதலாகத் தள்ளும், உப்போடு இன்னும் தண்ணீர் போகும். உடம்பில் தண்ணீர் குறைந்தால் பெருங்குடல் மலத்திலிருந்து கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிக்கொள்ளும். நான் தராசைப் பார்த்துக் கொழுப்புக் குறைந்ததாகக் கொண்டாடிக்கொண்டிருந்தேன். குடல் அங்கே வறண்டுகொண்டிருந்தது.

அம்மை சொன்னதை உடனே கேட்டேன் என்று நினைக்க வேண்டாம். அம்மை பேச்சை உடனே கேட்கிற பழக்கம் எனக்கு எந்த வயசிலும் இருந்ததில்லை. ரெண்டு வாரம் கழித்து நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். இலையைப் போட்டாயிற்று, எழுந்து போக முடியாது. சோறு கொண்டுவந்த பையனிடம் வேண்டாம் என்றேன். "என்ன அண்ணாச்சி, கோவமா?" என்று பயந்துவிட்டான். கல்யாண வீட்டில் சோறு வேண்டாம் என்றால் சண்டைக்கு வந்தவன் என்றுதானே அர்த்தம். பசி தாங்காமல் அவியல் மூணு தடவை வாங்கினேன். முட்டைகோஸ் துவரன் ரெண்டு தடவை. வெள்ளரிக்காய்க் கிச்சடி, இஞ்சிக்கறி, கடைசியில் ரசம் ரெண்டு டம்ளர், மோர் ரெண்டு டம்ளர். எரிசேரியில் சேனைக்கிழங்கு கிடந்ததால் கையை இழுத்துக்கொண்டேன். பாயசம் வரும்போது கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்து இலைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு மறுநாள் காலை ஐந்தே நிமிஷம்.

அதிலிருந்து வீட்டில் ஏற்பாடு மாறிவிட்டது. தொடுகறியை இப்போது சோறு போல வட்டிலில் அள்ளித் தின்கிறேன். அவியலுக்குத் தடியங்காய் (வெண்பூசணி), வழுதலங்காய் (கத்தரிக்காய்), புடலங்காய், முருங்கைக்காய், வெள்ளரிக்காய், புளிப்புக்கு மாங்காய். சேனையும் ஏத்தங்காயும் போடுவதில்லை. அம்மைக்கு இது அவியலே இல்லை, "தடியங்கா வெந்தது" என்றுதான் சொல்வாள். முருங்கைக்காயை நாம் சப்பிவிட்டுச் சக்கையைத் துப்புகிறோம், அதில் உள்ள நார் குப்பைக்குத்தான் போகிறது என்பதையும் பாத்துக்கிடுங்க. துவரனுக்குச் சீனியவரைக்காய், வாழைப்பூ, முருங்கைக்கீரை, பயத்தங்காய் மாறி மாறி. கறி மட்டும் முந்நூறு கிராமாவது இருக்கும்.

தேங்காய் விஷயத்தில் குமரி மாவட்டத்துக்காரன் கொடுத்து வைத்தவன். ஈத்தாமொழித் தேங்காயை வைத்துக்கொண்டு நாரைத் தேடிக் கடல் கடந்த விதைகளை ஆன்லைனில் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பச்சைத் தேங்காய் 100 கிராமில் நார் 9 கிராம், நாரைக் கழித்தால் மாவு 6 கிராம்தான். அரைத்துப் பால் எடுத்துவிட்டுச் சக்கையை எறிந்தால் பிரயோஜனம் இல்லை. துருவியபடியே கறியில் போட வேண்டும். பாதாமை முப்பதாகக் குறைத்து ராத்திரியே ஊற வைக்கிறேன். சாயங்காலம் அரைக் கொய்யா, விதையோடு. கடையில் கல்லாப் பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டில், பதினோரு மணிக்கு உப்புப் போட்ட சம்பாரம், அதாவது நீர்மோர். எனக்குப் பிரஷர் இல்லை, அதனால் உப்பு. பிரஷர், இதயம், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் என்னைப் பார்த்து உப்பள்ளிப் போட்டுக்கொள்ளாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

மருந்துக்கடைப் பக்கமும் போனேன், மறைக்க ஒன்றுமில்லை. இசப்கோல் உமியை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கி விழுங்கிவிட்டுப் படுத்தேன். ராத்திரி முழுக்க வயிற்றில் கல். அது தண்ணீரைக் குடித்து ஊதுகிற சாதனம். ஒரு பெரிய டம்ளரோடு குடித்து, மேலே இன்னொன்றும் குடிக்க வேண்டும். மெக்னீசியம் கலந்த மருந்துகள் குடலுக்குள் தண்ணீரை இழுத்துக் கொண்டுவரும், நன்றாகவே வேலை செய்யும். கிட்னி பழுதானவர்களுக்கு அது ஆபத்து. அம்மையின் ஆயுதம் விளக்கெண்ணெய். பக்கத்துத் திருநெல்வேலிச் சீமையில் விளைந்து கப்பலேறுகிற நிலாவாரையும் அதே ரகம்தான், குடலைச் சாட்டையால் அடித்து ஓட வைக்கும். எப்போதாவது ஒரு நாள் சரி. தினமும் அடி வாங்கித்தான் ஓடுவேன் என்று குடலைப் பழக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இன்னொன்று. புது வீட்டில் மேசை போட்ட மாதிரி வெஸ்டர்ன் கக்கூஸ் வைத்தோம், அம்மையின் முட்டுவலிக்காக. குந்தி உட்காரும்போது மலக்குடலை வளைத்துப் பிடித்திருக்கிற தசை தளர்ந்து பாதை நேராகும். நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தால் அந்த வளைவு அப்படியே நிற்கும். ஒரு சின்ன முக்காலியில் காலைத் தூக்கி வைத்தேன், தீர்ந்தது. காலையில் சூடாக ஒரு கட்டன் சாயா குடித்ததும் குடல் தானாக அசைகிற நேரம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில்தான் நான் கடைச் சாவியைத் தேடிக்கொண்டிருப்பேன். வந்ததை அடக்கினால் அது கோபித்துக்கொண்டு போய்விடும், மறுபடி கூப்பிட்டால் வராது. இப்போது கடை பதினைந்து நிமிஷம் லேட்டாகத்தான் திறக்கிறது.

சிரிப்பு இதோடு போதும். என் சொந்தத்தில் ஒரு பெரியவர், மலத்தில் ரத்தம் வந்ததை மூலம் என்று தானே முடிவு பண்ணி, கடையில் களிம்பு வாங்கிப் பூசிப் பூசி ஒரு வருஷம் ஓட்டினார். குழாய் விட்டுப் பார்த்தபோது அது மூலம் இல்லை. ரத்தம் வந்தால், காரணமில்லாமல் சோகை இருந்தால், டயட் இல்லாமலே எடை இறங்கினால், ஐம்பதை ஒட்டின வயசில் போகிற பழக்கம் திடீரென மாறினால், வயிறு உப்பிக் காற்றும் பிரியாமல் வாந்தி வந்தால், அவியல் வைத்தியம் வேண்டாம், டாக்டரிடம் போங்கள். தைராய்டு குறைவு, இரும்புச்சத்து மாத்திரை, சில பிரஷர் மாத்திரைகள் இவையும் மலத்தைக் கட்டும், பழியெல்லாம் டயட்டின் தலையில் விழும். கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் மாவைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரிடும். என் மாத்திரையை டாக்டர் முதல் வாரமே பாதியாக்கினார்.

போன மாதம் சராசரி 6.4. இன்னும் சோறு தின்னவில்லை, ஓணத்துக்கு மட்டும் ஒரு பிடி. ஒரே தொல்லை, அம்மைக்கு இப்போது என் குடல் மேல் பாத்தியதை வந்துவிட்டது. காலையில் நான் கடையில் ஆள் கூட்டத்துக்கு நடுவே நிற்கும்போது போன் வரும், ஸ்பீக்கரில் போடக் கூடாது என்று நினைத்தே எடுத்தாலும் கைதவறி ஸ்பீக்கரில்தான் விழும்.

"லே மக்கா, இன்னைக்குப் போச்சா?"

பெயிண்ட் வாங்க வந்தவர்கூடப் பதிலுக்காகக் காத்து நிற்கிறார்.