ஜோன் சீனா சரணடைந்தார், நடுவர் நிறுத்தவில்லை

“கடைசிப் போட்டியில் ஜோன் சீனா சரணடையவே இல்லை, நடுவர் அவசரப்பட்டு மணியடிக்க வைத்தார், குந்தரும் குறுக்குவழியில் வந்தவர்” என்று அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த வீரர் ஜோன் சீனாவின் விடைபெறும் போட்டியைப் பற்றி வெள்ளவத்தை நண்பர்களின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டும் தவறு.

2025 டிசம்பர் 13 இரவு வாஷிங்டனில் நடந்த அந்தப் போட்டி கொழும்பில் நமக்கு ஞாயிறு காலை. எதிராளி குந்தரின் கழுத்துப்பிடியில் மீண்டும் மீண்டும் சிக்கித் தப்பிய சீனா, இறுதியில் புன்னகைத்துவிட்டுத் தன் கையாலேயே தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். இவ்வகை மல்யுத்தத்தில் வழக்கம்போல முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டதுதான், எனக்கும் அது கசந்தது. ஆனால் அந்தப் புன்னகை அவர் விரும்பித் தந்த விடை. அதை நடுவரின் பிழையாக்குவது அவருக்குச் செய்யும் அநீதி.

குந்தர் 16 பேர் மோதிய தொடரின் இறுதியில் எல்.ஏ. நைட் என்ற வீரரை வென்றே சீனாவின் கடைசி எதிராளி என்ற இடத்தைப் பெற்றார்.