கேட்டவுடன் கிடைக்கிற சரக்கா யுரேனியம்?

ஞாயிற்றுக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பத்தில் அணு உலை பற்றிய கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. பாண்டியிலிருந்து வந்து பேசியவர், "யுரேனியம் இந்த விலை விற்கும்போது அணு உலைக்கு வருடக்கணக்கில் வாங்கி அடுக்குகிறார்களே, யார் வீட்டுப் பணம்? தேவைப்படும்போது வாங்கினால் போதாதா?" என்று கேட்டார். கை தட்டினார்கள். நான் எழுந்து பதில் சொல்ல ஆரம்பித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர், "சார் கூடங்குளத்து ஆளு போலிருக்கு" என்றார். அதற்கு இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

அங்கே சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன். தேவைப்படும்போது வாங்க முடியாது. மற்ற சரக்குக்கு அந்த வழி சரியாக இருக்கலாம், யுரேனியத்துக்கு ஆகாது.

நம் மாவட்டத்தில் மின் நிலையம் என்றால் நெய்வேலிதான் மனதுக்கு வரும். சுரங்கத்தில் வெட்டுகிறார்கள், கன்வேயர் பெல்ட்டில் வருகிறது, எரிகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி. ஆயிரம் மெகாவாட் நிலையம் முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்குச் சுமார் 24,000 டன். அதை வருடக்கணக்கில் குவித்து வைக்க யாராலும் முடியாது. அதனால்தான் நிலக்கரி இருப்பை நாள் கணக்கில் பேசுகிறோம். 2021 அக்டோபரில் அனல் மின் நிலையங்களில் சராசரியாக நாலு நாள் நிலக்கரிதான் இருக்கிறது என்று நாடே பதறியது நினைவிருக்கும். அதே ஆயிரம் மெகாவாட்டை அணு உலையில் எடுத்தால் வருடத்துக்கு இருபத்தைந்து, முப்பது டன் எரிபொருள் போதும். சில லாரிகளில் அடங்கிவிடும். சேர்த்து வைப்பதில் இடப் பிரச்சினையே இல்லை. வாங்குவதில்தான் எல்லாப் பிரச்சினையும்.

ஏனென்றால் பெரும்பாலான உலைகளுக்கு அது ஒரே கொள்முதல் இல்லை, நாலு கொள்முதல். சுரங்கத்திலிருந்து யெல்லோ கேக் என்கிற தூளாக டிரம்மில் வரும். உலகத்துக்கே இதில் ஐந்தில் இரண்டு பங்கு தருவது கஜகஸ்தான். அந்தத் தூளை வாயுவாக மாற்றும் ஆலைகள் கனடா, அமெரிக்கா, பிரான்சு, ரஷ்யா, சீனா என்று விரல் விட்டு எண்ணுகிற இடங்களில்தான் இருக்கின்றன. அப்புறம் செறிவூட்ட வேண்டும், அதாவது அதில் பிளவுபடுகிற வகை யுரேனியத்தின் பங்கைக் கூட்ட வேண்டும். அதற்கு வேறு ஒப்பந்தம், வேறு கம்பெனி. கடைசியாக அந்தந்த உலைக்கு ஏற்றபடி எரிபொருள் தொகுப்பாகச் செய்ய வேண்டும். சுரங்கத்தை விட்டு உலைக்குள் போய்ச் சேர ஒன்றரை, இரண்டு வருடம் சாதாரணமாக ஆகும். இன்றைக்கு "தேவைப்பட்டு" ஆர்டர் போட்டால் அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோதான் கைக்கு வரும். நடுவில் ஒரு நாட்டில் ஆட்சி கவிழலாம், 2023-இல் நைஜரில் நடந்ததுபோல. ஒரு சுரங்கத்தில் வெள்ளம் புகலாம், 2006-இல் கனடாவின் சிகார் லேக்கில் புகுந்ததுபோல.

கூடங்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு உலைக்குள் 163 தொகுப்புகள். ஒவ்வொன்றும் நாலரை மீட்டர் உயரம், அறுகோண வடிவம். வருவது ரஷ்யாவிலிருந்து மட்டும். ஜார்க்கண்டின் ஜாதுகுடாவில் வெட்டுகிற யுரேனியத்தை நேரே கொண்டுபோய் அதில் போட முடியாது. ஹைதராபாத் ஆலையில் கல்பாக்கத்துக்குச் செய்கிற அரை மீட்டர் கட்டையும் பொருந்தாது. ஒரே கடை, அந்தக் கடையும் கடல் தாண்டி. இதில் கையில் இருப்பு வைக்காதே என்று சொன்னால் அது சிக்கனம் ஆகுமா?

நான் யார் இதைச் சொல்ல என்று கேட்பவர்களுக்கு: சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸும் பர்ச்சேஸும் பார்த்து ஓய்வு பெற்றவன். பெயர் வேண்டாம். அங்கே ஒரு பம்புக்கு ஜெர்மனியிலிருந்து வரும் மெக்கானிக்கல் சீல் ஒன்று உண்டு, கசிவைத் தடுப்பது. உள்ளங்கையில் அடங்கும். வெளியே பளபளவென்று எஃகு, உள்ளே கருப்பாகக் கார்பன் வளையம், ஆயில் பேப்பரில் சுற்றி வரும். எப்போதும் இரண்டு கையிருப்பில் வைத்திருப்போம். புதிதாக வந்த மேனேஜர், மார்ச் மாதக் கணக்கில் சரக்கு மதிப்பைக் குறைத்துக் காட்ட, "எதற்கு முதலை முடக்குகிறீர்கள், தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம்" என்று, வாங்கச் சொல்லி நான் போட்ட இண்டென்ட்டைத் திருப்பி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை மேடையிலிருந்து என் காதில் விழுந்ததே, அதே வாசகம். மழைக்காலத்தில் சீல் போயிற்று. சப்ளையர் சொன்ன லீட் டைம் மூன்று மாதம். பிளான்ட் நின்றது. குடிகாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளர்களை வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு அம்மா என் டேபிள் முன்னால் வந்து, "எப்ப சார் கூப்பிடுவீங்க?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். மெமோ எனக்கு வந்தது. இண்டென்ட் போட்டவன் நான், திருப்பி அனுப்பியவர் அவர், மெமோ எனக்கு! இன்று வரை அது ஆறவில்லை. அதனால்தான் அந்தக் கைதட்டல் எனக்கு அப்படி வலித்தது.

ஆயிரம் மெகாவாட் உலை ஒரு நாள் சும்மா நின்றால் போவது 2.4 கோடி யூனிட். பாண்டிக்கும் நமக்கும் கூடங்குளத்திலிருந்தும் கல்பாக்கத்திலிருந்தும் மின்சாரம் வருகிறது. நின்றால் நம் வீட்டு ஃபேன்தான் நிற்கும்.

"விலை இறங்கும்போது வாங்கலாமே" என்கிறார்கள். 2007-இல் ஒரு பவுண்டு யுரேனியம் 136 டாலர் வரை போனது. 2016 கடைசியில் 18 டாலருக்கு வந்தது. 2024 ஜனவரியில் நூறைத் தாண்டியது. எப்போது இறங்கும் என்று முன்கூட்டியே தெரிந்தவர் இருந்தால் சொல்லட்டும். அதனால்தான் உலகம் முழுக்க மின் நிலையங்கள் பெரும்பகுதியைப் பல வருட ஒப்பந்தத்தில் வாங்குகின்றன, அன்றாடச் சந்தையில் கொஞ்சம்தான். யுரேனியம் விலை இரண்டு மடங்கானாலும் மின்சாரத்தின் அடக்க விலை பத்து சதவீதத்துக்குள்தான் ஏறும் என்பது கணக்கு. விலை அல்ல, இல்லாமல் போவதுதான் பயம்.

இல்லாமல் போயிருக்கிறது. மகாராஷ்டிராவின் தாராப்பூர் அணு மின் நிலையத்துக்கு முப்பது வருடம் எரிபொருள் தருகிறேன் என்று 1963-இல் அமெரிக்கா கையெழுத்துப் போட்டது. 1974-இல் பொக்ரானில் நாம் அணுகுண்டு சோதனை செய்தோம். 1978-இல் அவர்களே அணுப்பொருள் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வைத்து ஒரு சட்டம் போட்டு, கொஞ்ச காலத்தில் கையை விரித்தார்கள். பிரான்சு, சீனா, ரஷ்யா என்று வாசல் வாசலாகப் போய் அந்த உலையை ஓட்ட வேண்டியிருந்தது. 2008 வாக்கில் யுரேனியம் போதாமல் கல்பாக்கத்தில் இருப்பது போன்ற நம் கனநீர் உலைகள் பாதி வேகத்தில் ஓடின. தமிழ்நாட்டில் மின்வெட்டு தலைதூக்கிய வருடமும் அதுதான். அந்த வருடம் செப்டம்பரில் அணுப்பொருள் வழங்கும் நாடுகள் தங்கள் விற்பனைத் தடையிலிருந்து நமக்கு விலக்கு தந்த பிறகே கஜகஸ்தான், ரஷ்யா, பிரான்சு, பிறகு கனடா என்று வாங்க முடிந்தது. அப்படி வாங்கியதையும் கல்பாக்கத்தின் இரண்டு பழைய உலைகளில் போட முடியாது. சர்வதேசக் கண்காணிப்புக்கு வெளியே இருப்பதால் அவற்றுக்கு உள்நாட்டு யுரேனியம் மட்டும்தான். இவ்வளவு முடிச்சு இருக்கிற இடத்தில் "தேவைப்படும்போது" என்ற சொல்லை எப்படி மனசாட்சியோடு மேடையில் சொன்னார்?

"சேர்த்து வைப்பது ஆபத்தில்லையா?" இது நியாயமான கேள்வி. பயன்படுத்தாத யுரேனிய எரிபொருளின் கதிர்வீச்சு குறைவு, பாதுகாப்பு விதிகளோடு கையாளலாம். ஆபத்தானது உலையிலிருந்து வெளியே எடுத்தது. அதை எங்கே வைக்கப் போகிறோம் என்பதற்கு இன்னும் நிரந்தரமான விடை இல்லை. அதைக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன்.

"அப்போ நீ கூடங்குளத்துக்கு ஆதரவா?" இல்லை ஐயா. 2012-இல் கூடங்குளத்தை எதிர்த்துப் போராடிய இடிந்தகரை மக்கள் மேல் அத்தனை வழக்குப் போட்டபோது அதைக் கண்டித்து இதே ஊரில் கையெழுத்து வாங்கியவர்களில் நானும் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை கை தட்டியவர்களில் பலர் அன்று என்னோடு தெருத்தெருவாக வந்தவர்கள். அவர்களே என்னை அந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு கணக்கைச் சரியாகச் சொன்னால் கட்சி மாறிவிட்டான் என்று ஆகிவிடுமா? எதிர்ப்பவன் தப்பான காரணத்தோடு எதிர்த்தால் முதல் பதிலிலேயே உட்கார வைத்துவிடுவார்கள். அந்தக் கவலையில்தான் எழுந்தேன்.

சரி, உண்மையில் கேட்க வேண்டியது இருக்கிறது. அமெரிக்காவில் மின் நிலையங்கள் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு யுரேனியம் வாங்கின, சராசரி விலை என்ன, வருடக் கடைசியில் இருப்பு எவ்வளவு என்று அரசாங்கமே ஆண்டுதோறும் வெளியிடுகிறது. ஐரோப்பாவிலும் அப்படித்தான். இரண்டு வருடத்துக்கு மேல் தாங்கும் இருப்பு இருக்கிறது என்று பொதுமக்களுக்கே சொல்கிறார்கள். நமக்கு யார் சொல்கிறார்கள்? கூடங்குளத்தில் செய்து முடித்த தொகுப்புகள் எத்தனை மறுநிரப்புக்கு இருக்கின்றன, ரஷ்யாவிலிருந்து ஒரு வருடம் வராவிட்டால் என்ன ஏற்பாடு, கல்பாக்கத்துக்கு ஜாதுகுடாவும் ஆந்திராவின் தும்மலப்பள்ளியும் போதுமா? ராணுவ ரகசியத்தைக் கேட்கவில்லை. மின்கட்டணம் கட்டுகிறவன் கேட்கிறான்.

இந்தக் கேள்விகளை அணுசக்தித் துறைக்கு மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை, தமிழிலும் வெளியிடச் சொல்லி. அணு உலை வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் கையெழுத்துப் போடலாம். வரைவு வேண்டுமென்றால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பின்வரிசையில் இருந்தவரும் வரலாம்.